ரூட்டரில் வட்டத் துளை: டெம்ப்ளேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். புளியரை வழியாக மலைக்கு அந்தப்பக்கம் போகிற மரமும் அங்கிருந்து இறங்கி வருகிற மரமும் எங்கள் சாலையில்தான் போகின்றன. அதனால் தென்காசி, கடையநல்லூர்க்காரர்களும் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் பக்கத்துத் தமிழ் ஆசாரிகளும் பட்டறையில் நின்று பேசிவிட்டுப் போவது வழக்கம். இப்போது எல்லார் கையிலும் ரூட்டர் இருக்கிறது; வேகமாகச் சுழலும் பிட் என்ற வெட்டு முனையால் மரத்தைக் குடையும் மின்கருவி அது. நேர்க்கோடும் விளிம்பு வேலையும் நன்றாகச் செய்கிறார்கள். வட்டத் துளை என்று வந்தால்தான் தடுமாறுகிறார்கள். கேட்கப்படுகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். டெம்ப்ளேட்டை மூத்த ஆசாரிகள் அச்சு என்பார்கள். இரண்டு சொல்லும் இங்கே ஒரே பொருளில் வரும்.

அண்ணாச்சி, டிரில்லில் மாட்டும் வட்ட வாள், ஹோல் சா, இருக்கிறதே. வட்டத் துளைக்கு எதற்கு ரூட்டரும் டெம்ப்ளேட்டும்?

தொட்டிக்குப் பின்னால் மறைந்துபோகிற குழாய்த் துளைக்கு ஹோல் சா போதும். நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அது கடையில் கிடைத்த அளவில் மட்டுமே துளைக்கும். விளிம்பு பிசிறடிக்கும். பலகையின் பாதி ஆழத்தில் நிறுத்தி, அடி தட்டையாக ஒரு பள்ளம் எடுக்க முடியாது. கையில் பிடித்த டிரில்லில் மாட்டினால் ஆட்டம் வேறு.

டெம்ப்ளேட் என்பது வட்டமாகத் திறந்த ஒரு பலகை. அதை வேலைப் பலகையின் மேல் இறுக்கிவிட்டு, ரூட்டரை அதன் உட்சுவரை ஒட்டி ஓட்டுகிறோம். அச்சு சரியாக இருந்தால் பத்தாவது துளையும் முதல் துளையைப் போலவே வரும். அச்சில் பிழை இருந்தால் அந்தப் பிழையும் பத்து முறை வரும். ஆகவே நேரத்தை அச்சில் செலவழியுங்கள் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

கடையில் செய்தே விற்கிறார்களாமே, வாங்கிவிட்டால் என்ன?

கிடைக்கிறது. அலமாரிக் கதவுக்குள் புதையும் கீல் கிண்ணத்துக்கான 35 மி.மீ. ஜிக் (வழிகாட்டும் அச்சு) கருவிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். பல அளவு வட்டங்கள் வெட்டிய அக்ரிலிக் தகடுகளும் இணையத்தில் விற்பனைக்கு உண்டு. உங்களுக்கு வேண்டிய அளவு அவற்றில் இருந்தால் வாங்குவதில் தவறில்லை.

அளவு இல்லாவிட்டால், பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் லேசர் அல்லது சிஎன்சி இயந்திரம் இருக்கும். 10 மி.மீ. அக்ரிலிக்கிலோ 12 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) பலகையிலோ கேட்ட விட்டத்தில் வெட்டித் தருவார்கள். அங்கே போகும்போது வேலையில் வரவேண்டிய துளையின் அளவைச் சொல்லிவிடாதீர்கள். அச்சின் திறப்பு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டும் எப்போது வேறுபடும் என்பது கீழே கைடு புஷ் (ரூட்டரின் அடியில் மாட்டும் வளையம்) கணக்கில் வருகிறது. தடித்த தகட்டில் லேசரின் வெட்டு மேலும் கீழும் சற்று அளவு மாறலாம் என்பதால், வாங்கியதும் இரண்டு பக்கமும் வெர்னியர் வைத்துப் பாருங்கள்.

நானே செய்கிறேன். எந்தப் பலகையில் செய்யலாம்?

12 மி.மீ. எம்.டி.எஃப். என் முதல் தேர்வு. நாரோட்டம் கிடையாது, விளிம்பு வழவழப்பாக வரும், விலையும் குறைவு. பிளைவுட்டில் செய்வதானால் உள்ளே இடைவெளி இல்லாத நல்ல பலகையாக இருக்க வேண்டும். பெரும்பாவூரிலிருந்து எல்லாத் தரத்திலும் பிளைவுட் வருகிறது. மலிவான ரகத்தை அறுத்துப் பார்த்தால் நடு அடுக்கில் பொந்து தெரியும். அச்சின் சுவரில் அந்தப் பொந்து வந்தால், பேரிங் (பிட்டில் பொருத்திய, அச்சின் சுவரில் உருளும் சிறு வளையம்) அதற்குள் இறங்கி எழும். அந்த மேடுபள்ளம் அப்படியே உங்கள் வேலையில் பதியும்.

நூறு முறை பயன்படுத்தப்போகிற அச்சு என்றால் ஹைலம் (பிசினில் ஊறிய அடுக்குகளை அழுத்திய கெட்டித் தகடு) தகட்டுக்கு மாறுங்கள். மழைக்கும் வெயிலுக்கும் அசையாது, தேயாது. அக்ரிலிக்கின் நன்மை, அதன் வழியே கீழே உள்ள கோடு தெரிவது. ஆனால் கைடு புஷ் அழுத்தி உரசினால் சூட்டில் இளகி ஒட்டும். மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கே அது பொருந்தும்.

அச்சின் வெளி அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். திறப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மி.மீ. பலகை இருக்கட்டும். ரூட்டரின் அடித்தட்டு உட்கார இடம் வேண்டும், கிளாம்ப் போடவும் இடம் வேண்டும்.

முதல் வட்டத்தையே எப்படிச் சுத்தமாக வெட்டுவது? அச்சு செய்ய அச்சு வேண்டுமே?

வேண்டாம். அச்சின் வட்டத்தை மைய ஆணியில் சுழற்றி வெட்டுகிறோம். ஆசாரிகள் கவராயத்தை ஊன்றி வட்டம் போடுவதும் இதுவும் ஒன்றுதான். எழுதுகோல் இருக்கும் இடத்தில் ரூட்டர் இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் பட்டறையில் இதைக் கவராயப் பலகை என்றே சொல்கிறோம்.

6 மி.மீ. ஹைலமோ நல்ல பிளைவுட்டோ நீளமாக ஒரு துண்டு எடுங்கள். ரூட்டரின் பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றி, அதையே மாதிரியாக வைத்து ஸ்குரூத் துளைகளைக் குறியுங்கள். துண்டின் ஒரு முனையில் ரூட்டரைப் பொருத்தி, பிட்டை மெதுவாக இறக்கி அதற்கான துளையை ரூட்டராலேயே போடுங்கள். பிறகு மைய ஆணிக்கான துளை. இங்கேதான் பலருக்கும் தவறுகிறது. நமக்கு வேண்டியது துளை, வெட்டி எடுக்கும் வட்டு அன்று. ஆகவே மைய ஆணியின் நடுவிலிருந்து பிட்டின் தூரத்து விளிம்பு வரை உள்ள அளவுதான் ஆரம். 118 மி.மீ. திறப்பு வேண்டும், பிட் 6 மி.மீ. என்றால், ஆரம் 59. அதில் பாதிப் பிட் 3 மி.மீ. கழித்தால் ஆணியின் மையத்துக்கும் பிட்டின் மையத்துக்கும் இடையே 56 மி.மீ.

பக்கத்து விளிம்புக்கு 59 வைத்தால் திறப்பு 130 ஆகிவிடும். விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வீட்டுத் தேக்கு மேசையில் இதே பிழையைச் செய்தேன். வாங்க முடியாத அகலத்தில் இருந்த ஒற்றைப் பலகை அது. வேறு பலகை ஒட்டி மூடிக் கொடுத்தேன், அவரும் ஏற்றுக்கொண்டார். இன்றும் அந்த வீட்டுக்குப் போனால் என் கண் அந்த இடத்துக்கே போகிறது. அதற்குப் பிறகு கழிவுப் பலகையில் ஒரு வட்டம் போட்டு அளக்காமல் எந்த வேலையிலும் பிட்டை இறக்கியதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மைய ஆணிக்கு 4 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டு நல்லது. சாதாரண ஆணி ஒரே தடிமனாக இருக்காது. தண்டு துளையில் ஆட்டமின்றி, ஆனால் சுற்றும்படி நிற்க வேண்டும்.

நடுவில் இருக்கும் வட்டு கடைசியில் அறுந்து பிட்டில் சிக்குகிறதே?

அறுந்த நொடியில் மைய ஆணி வட்டோடு சேர்ந்து நகர்ந்துவிடுகிறது. வட்டத்தின் சுவரில் ஒரு கடி விழும், சில நேரம் ரூட்டரே துள்ளும். வேலைக்குக் கீழே ஒரு கழிவுப் பலகை வைத்து, நடுவட்டை அதில் இரண்டு ஸ்குரூவால் பிடித்துவிடுங்கள். ஸ்குரூ, பிட் போகும் பாதையிலிருந்து தள்ளி இருக்கட்டும். ஸ்குரூத் துளை கூடாது என்றால் இருபக்க டேப். அதுவும் முடியாவிட்டால், கடைசி 1 மி.மீ. தோலை வெட்டாமல் விட்டு, வட்டைக் கத்தியால் அறுத்து எடுத்த பின் பேரிங் பிட்டால் சுவரை ஒட்ட வெட்டிக்கொள்ளலாம்.

கைடு புஷ் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. நூறு மில்லிமீட்டர் துளைக்கு அச்சு ஏன் நூறாக இருக்கக்கூடாது?

கைடு புஷ் என்பது ரூட்டரின் அடித்தட்டில் மாட்டும் வளையம். அதன் நடுவே பிட் இறங்குகிறது. அச்சின் சுவரைத் தொடுவது வளையத்தின் வெளிப்புறம். பிட் அந்தச் சுவரிலிருந்து சற்று உள்ளே தள்ளியே ஓடுகிறது. அதனால் துளை அச்சைவிடச் சிறியதாக வரும்.

எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரே கழித்தல்தான்: புஷ்ஷின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழியுங்கள். 30 மி.மீ. புஷ், 12 மி.மீ. பிட் என்றால் 18. துளை 100 வேண்டுமானால் அச்சு 118. அதே புஷ்ஷில் 6 மி.மீ. பிட் போட்டால் வித்தியாசம் 24, அச்சு 124. முன்பு கவராயப் பலகையில் 118 என்று சொன்ன எண் இப்படி வந்ததுதான். பாதியாக்கி, இரட்டிப்பாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விட்டத்தோடு விட்டத்தை மட்டும் பேசுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல் புஷ்ஷையும் பிட்டையும் வெர்னியரில் அளங்கள். பலமுறை தீட்டிய பிட் தன் பெயரளவைவிட மெலிந்திருக்கும். பிறகு அச்சிலேயே அழியாத மையில் எழுதிவிடுங்கள்: துளை 100, புஷ் 30, பிட் 12. எழுதாத அச்சு ஆறு மாதத்தில் யாருக்கும் பயன்படாத பலகையாகிவிடும்.

இன்னொன்று: புஷ்ஷின் உதடு, அதாவது அச்சுக்குள் இறங்கும் பகுதி, அச்சின் தடிமனைவிட நீளமாக இருக்கக்கூடாது. இருந்தால் அது வேலைப் பலகையில் முட்டி, ரூட்டர் அச்சின்மேல் படியாது. 12 மி.மீ. அச்சுக்கு 10 மி.மீ. வரை உள்ள உதடு சரி. மெல்லிய அச்சு என்றால் உதட்டை அரத்தால் ராவிக் குறைக்க வேண்டும்.

பேரிங் பிட் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாமாமே?

உண்மைதான். தண்டுப் பக்கம் பேரிங் உள்ள பிட்டில், பேரிங்கும் வெட்டும் பகுதியும் ஒரே விட்டம் என்றால், அச்சும் துளையும் ஒரே அளவு. ஆனால் பேரிங் பிட்டை நேராகப் பலகைக்குள் குத்தி இறக்கக்கூடாது. பெரும்பாலானவற்றுக்கு நடுவில் வெட்டும் முனை இருக்காது. முதலில் ஜிக்சாவால் கோட்டுக்கு உள்ளே 2 மி.மீ. விட்டு அறுத்து எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பேரிங் பிட்டுக்குக் கொடுங்கள்.

முழுதும் ஊடுருவும் துளைக்கு, அதுவும் ஒன்றிரண்டு என்றால், பேரிங் பிட். பாதி ஆழப் பள்ளத்துக்கும் வரிசையாகப் பல துளைகளுக்கும் கைடு புஷ். என் வழக்கம் இதுதான்.

காலெட்டில் 6 மி.மீ., கால் அங்குலம் இரண்டும் ஒன்றுதானே? கொஞ்சம் இறுக்கினால் நிற்கிறது.

ஒன்றல்ல. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். காலெட் என்பது ரூட்டரில் பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அரை அங்குலம் 12.7 மி.மீ. நம் கடைகளில் 6, 12 மில்லிமீட்டர்த் தண்டுகளும் கால், அரை அங்குலத் தண்டுகளும் ஒரே அலமாரியில் தொங்குகின்றன. பெரிய காலெட்டில் சிறிய தண்டை இறுக்கினால் நிற்பதுபோலத் தோன்றும். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றில் அது வழுக்கி இறங்கும், அல்லது வெளியே பறக்கும். பிட்டின் தண்டு எந்த அளவோ அந்தக் காலெட்.

அளவுப் பேச்சு வந்ததால் நூல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், ஒரு நூல் 3.175 மி.மீ. கீல் கிண்ணத்தின் 35 மி.மீ. ஒரு அங்குலம் மூன்று நூலுக்கு மிக அருகில் வரும். 34.925 தான், கிண்ணம் இறுக்கமாக உட்காரும். ஆனால் 100 மி.மீ. துளையை நாலு அங்குலம் என்று வெட்டினால் அரை நூல் பெரிதாகி, அதில் பொருத்தும் கூரை விளக்கின் விளிம்பு அதை மூடாமல் போகலாம். பொருள் எந்த அளவில் வந்ததோ அந்த அளவிலேயே அச்சைச் செய்யுங்கள், மாற்றிப் பேசாதீர்கள்.

ரூட்டரை எந்தப் பக்கமாக ஓட்ட வேண்டும்?

துளையின் உட்சுவரில் கடிகாரமுள் போகும் திசை. பலகையின் வெளிவிளிம்பில் அதற்கு எதிர்த்திசை. மேலிருந்து பார்த்தால் பிட் வலமாகச் சுழல்கிறது. துளைக்குள் நாமும் வலமாக நகர்ந்தால், மரத்தின் எதிர்ப்பு ரூட்டரைச் சுவரோடு அணைக்கும். எதிர்ப்பக்கம் போனால் பிட் மரத்தைக் கடித்து ரூட்டரை இழுத்துக்கொண்டு ஓடும்.

ஒரே தடவையில் பதினெட்டு மில்லிமீட்டரும் இறக்கினேன், கருகிவிட்டது.

ஒரு தடவைக்கு இறக்கும் ஆழம் பிட் விட்டத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். 6 மி.மீ. பிட்டுக்கு 3 மி.மீ., 12 மி.மீ. பிட்டுக்கு 5 அல்லது 6. கருகுவதற்கு இரண்டாவது காரணம், ஒரே இடத்தில் நிற்பது. மூன்றாவது, மழுங்கிய பிட்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. புனலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ரப்பர் மரம் சுலபமாக வெட்டும், ஆனால் தயங்கினால் கருந்தழும்பு விழும். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு, அதனால் பிட்டின் முனை சீக்கிரம் மழுங்கும். கார்பைடு முனை பிட்டையே வாங்குங்கள். தென்னையில் வெளிப்புறம் இரும்புபோல், உட்புறம் பஞ்சுபோல் இருக்கும், ஒரே பலகைக்குள் வேகத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஆயினி எனக்குப் பிடித்த மரம். கூர்மையான பிட்டுக்கு அழகாகச் சுருள் சுருளாக வரும்.

கீல் கிண்ணத்துக்கு 35 மி.மீ. துளை. இவ்வளவு சிறிய வட்டத்தைக் கவராயப் பலகையில் வெட்ட முடியுமா?

ஒன்றிரண்டு கதவு என்றால் அடி தட்டையாகத் துளைக்கும் 35 மி.மீ. ஃபோர்ஸ்னர் பிட் போதும். டிரில் ஸ்டாண்டில் மாட்டி இறக்கினால் முடிந்தது. சமையலறை முழுவதும் முப்பது கதவு என்றால் அச்சு நேரத்தை மிச்சப்படுத்தும்.

சிறிய ரூட்டரான டிரிம்மரில் 17 மி.மீ. புஷ், 6 மி.மீ. பிட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 11, ஆகவே அச்சு 46. ஆரம் 23, பிட்டின் பாதி 3 கழித்தால் ஆணிக்கும் பிட்டுக்கும் 20 மி.மீ. மைய ஆணி ரூட்டரின் அடியிலேயே வந்துவிடும், அதில் தடை ஒன்றும் இல்லை. கவராயப் பலகையில் அந்த இடத்தில் தண்டின் தலை மேலே நீட்டாதபடி அமைத்தால் போதும். நடுவட்டு சிறியது என்பதால் அதைக் கழிவுப் பலகையில் ஸ்குரூவால் பிடிப்பது இங்கே கட்டாயம்.

மழைக்காலத்தில் அச்சு பருத்துவிடுகிறது. ஏன்?

இது எங்கள் ஊரின் சொந்தப் பிரச்சினை. ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் குற்றாலம் முதல் புனலூர் வரை காற்றே ஈரம். எம்.டி.எஃப். விளிம்பு அந்த ஈரத்தைக் குடித்து உப்பும். அச்சு வெட்டியதும் சுவருக்கு பிரெஞ்சு பாலிஷ் இரண்டு கை கொடுத்து, 320 உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து விடுங்கள். நீர்போல் இருக்கும் சயனோ பசையைச் சுவரில் ஊற விட்டாலும் கல்லாகிவிடும். அதன் ஆவி கண்ணை எரிக்கும், திறந்த இடத்தில் செய்யுங்கள். அச்சைச் சுவரில் சாய்க்காமல் தட்டையாக வையுங்கள், இல்லாவிட்டால் வளையும்.

வட்டம் முட்டைபோல் வருகிறது. அச்சை அளந்தால் சரியாகத்தான் இருக்கிறது.

அச்சு சரி என்றால் புஷ்ஷைப் பாருங்கள். பிட் புஷ்ஷின் நடு மையத்தில் இல்லாவிட்டால், ரூட்டரைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கும்போது வெட்டு ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும். மையப்படுத்தும் கூம்பு வைத்து அடித்தட்டின் ஸ்குரூக்களை மறுபடி இறுக்குங்கள். கூம்பு இல்லாவிட்டால், ரூட்டரின் கைப்பிடி எப்போதும் ஒரே திசையை நோக்கி இருக்கும்படி சுற்றி வாருங்கள். புஷ் மையம் விலகியிருந்தாலும் வட்டம் வட்டமாகவே வரும், இடம் மட்டும் ஒரு மயிரிழை தள்ளிப்போகும். சுவருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மரத்தூள் சேர்வது அடுத்த காரணம். கடைசிச் சுற்றுக்கு முன் ஊதிச் சுத்தம் செய்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள்.

கவராயப் பலகையில் நேரடியாக வெட்டியது முட்டையானால், ஆணி தன் துளையில் ஆடுகிறது.

வெட்டிய அன்று வட்டமாக இருந்து சில மாதங்களில் முட்டையானால் குற்றம் மரத்தின் ஈரத்தில் இருக்கிறது. முழு மரம் நாருக்குக் குறுக்கேதான் சுருங்கும், நாரோட்டத்தில் ஏறக்குறைய அசையாது. சாரலில் வெட்டிய துளை கோடையில் குறுக்குவாட்டில் ஒடுங்கும். எவர்சில்வர்ப் பாத்திரமோ ஸ்பீக்கரோ இறுக உட்கார்ந்திருந்தால் பலகை வெடிக்கவும் கூடும். முழு மரத்தில் சுற்றிலும் 1 மி.மீ. இடம் விடுங்கள்.

எங்கள் தாத்தா காலத்துத் தேக்குக் கதவின் மேல் பலகையில் காற்றுக்கு வட்டத் துளை போட வேண்டும். தைரியமாக வெட்டலாமா?

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். இங்குள்ள பழைய வீடுகளில் கேரளக் கைவேலை நிறையத் தெரியும். அகலமான தேக்கும் ஆயினியும் ஒட்டில்லாமல் போட்டிருப்பார்கள். அந்த மரத்தை இன்று பணம் கொடுத்தாலும் அதே அகலத்தில் வாங்குவது கடினம். ஆகவே முதல் கேள்வி, துளை அந்தப் பலகையில்தான் வேண்டுமா என்பது. சுவரில் வைக்க முடிந்தால் சுவரில் வையுங்கள்.

வெட்டத்தான் வேண்டும் என்றால் மைய ஆணி முறை வேண்டாம், அச்சு முறைதான். அதே தடிமனுள்ள கழிவுப் பலகையில் முழுவதுமாக ஒருமுறை வெட்டிப் பாருங்கள். பழைய மரத்தில் உடைந்த ஆணி புதைந்திருக்கும். வெட்டும் வட்டம் முழுவதையும் காந்தம் வைத்துத் தடவுங்கள். பின்பக்கம் ஒரு பலகையைக் கிளாம்ப் செய்யுங்கள், பிட் வெளியேறும்போது நார் பிளக்காது.

பிட் நீளம் போதவில்லை. அச்சு 12, பலகை 36. என்ன செய்வது?

அச்சோடு முடிந்த ஆழம் வரை வெட்டுங்கள். பிறகு அச்சை எடுத்துவிட்டு, மேலே பேரிங் உள்ள பிட்டை, நீங்கள் வெட்டிய சுவரையே அச்சாக வைத்து இறக்குங்கள். இன்னும் மிச்சம் இருந்தால் நடுவே ஒரு துளை போட்டு ஜிக்சாவால் அறுத்து எடுத்து, பலகையைப் புரட்டி, அடியில் பேரிங் உள்ள பிட்டால் முடித்துவிடுங்கள்.

ஸ்பீக்கர்ப் பெட்டி செய்கிறேன். துளையும் வேண்டும், சட்டம் உட்காரப் படியும் வேண்டும். எதை முதலில் வெட்டுவது?

கவராயப் பலகையில் வெட்டினால் படி முதலில், துளை பிறகு. துளையை முதலில் வெட்டினால் மையம் கீழே விழுந்துவிடும், படியைச் சுழற்ற ஆணிக்கு இடமிருக்காது. இதை நேரில் பார்த்தபின்தான் பலரும் தலையில் கை வைக்கிறார்கள்.

அச்சு முறையில் இன்னும் அழகான வழி உண்டு. ஒரே அச்சு, ஒரே 6 மி.மீ. பிட், இரண்டு புஷ். 12 மி.மீ. புஷ்ஷில் ஓட்டினால் வித்தியாசம் 6. 30 மி.மீ. புஷ்ஷில் ஓட்டினால் வித்தியாசம் 24. விட்டத்தில் 18 மி.மீ. இடைவெளி, அதாவது சுற்றிலும் 9 மி.மீ. அகலப் படி. அச்சை அசைக்காமல் புஷ்ஷை மட்டும் மாற்றினால் இரண்டு வட்டமும் ஒரே மையத்தில் நிற்கும். முதல் ஓட்டத்தில் சுவரோரம் 6 மி.மீ. காடிதான் விழும், படி முழுவதும் வர உட்பக்கமாக இன்னும் ஒரு சுற்று எடுக்க வேண்டும். ஸ்பீக்கரில் சொல்லும் அங்குலம் அதன் வெளிச்சட்டத்தின் பெயரளவு. துளை அதைவிடச் சிறியது. பொருளைக் கையில் வைத்து அளக்காமல் பெட்டியை வெட்ட வேண்டாம்.

ஏற்கெனவே இருக்கும் துளையைப் பெரிதாக்க வேண்டும். மையம் காற்றில் இருக்கிறதே?

அச்சுக்கு மையம் தேவையே இல்லை, அதுதான் அதன் பெரிய பலம். அச்சு செய்யும்போதே வெட்டுவதற்கு முன் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு கீறி, அவற்றைப் பலகையின் நான்கு விளிம்பு வரை நீட்டி வையுங்கள். வேலைப் பலகையிலும் பழைய துளையின் குறுக்கே ஒரு ரீப்பரை இருபக்க டேப்பால் ஒட்டி, மையம் கண்டு, அதே இரண்டு கோடுகளை வெளியே வரை இழுங்கள். ரீப்பரை எடுத்துவிட்டு, கோட்டோடு கோடு சேர்த்து அச்சை இறுக்கினால் முடிந்தது. கூரையில் வரிசையாக விளக்குத் துளை போடுகிறவர்களுக்கும் இதே கோடுகள்தான் வழிகாட்டி.

என்னிடம் 118 அச்சு ஒன்றுதான் இருக்கிறது. அதிலிருந்தே மற்ற அளவுகளைப் பிறப்பிக்க முடியுமா?

முடியும். புஷ் ஓட்டத்தில் துளை சிறுத்து வருகிறது என்றேன் அல்லவா? அந்தத் துளையை 12 மி.மீ. எம்.டி.எஃப்.-இல் வெட்டினால் அதுவே அடுத்த அச்சு. 30 புஷ், 12 பிட் என்றால் 118, 100, 82, 64 என்று இறங்கும். 30 புஷ், 6 பிட் என்றால் 118, 94, 70, 46. கீல் கிண்ணத்துக்குக் கேட்ட 46 இங்கே மூன்றாவது தலைமுறையில் வந்துவிட்டது பாருங்கள்.

பெரிதாக்கவும் வழி உண்டு. அடியில் பேரிங் உள்ள ரிபேட் பிட் (விளிம்பில் படி எடுக்கும் பிட்) மூன்று நூல், அதாவது 9.5 மி.மீ. உள்ளே வெட்டும். அச்சின் ஒரு நகலைச் செய்து, அதன் திறப்பைச் சுற்றி இந்தப் படியை எடுத்து, மிஞ்சும் கீழ் உதட்டைப் பேரிங் பிட்டால் ஒட்ட வெட்டினால் விட்டம் 19 மி.மீ. கூடும்.

தலைமுறைக்குத் தலைமுறை பிழையும் கூடிக்கொண்டே போகும். கால் மி.மீ. தவறு மூன்று முறை சேர்ந்தால் முக்கால் மி.மீ. ஆகவே ஒவ்வொரு பிள்ளை அச்சையும் அளந்து, உண்மையில் வந்த அளவை அதன்மேல் எழுதுங்கள். 118-ஐ வேலைக்கு எடுக்காதீர்கள். அது தாய் அச்சு, நகல் எடுப்பதற்கு மட்டும் தனியாக இருக்கட்டும்.

குடம் வைக்கும் பலகைக்கு இதே முறையா? கிரானைட்டில் செய்யலாமா?

குடத்துக்குச் செய்யலாம். குடத்தின் அடி எந்த ஆழத்தில் உட்கார வேண்டுமோ அந்த இடத்தில் நூலைச் சுற்றி அளந்து, 3.14-ஆல் வகுத்து விட்டம் எடுங்கள். வெட்டியபின் மேல் விளிம்பைச் சாய்வுப் பிட்டால் சரித்துவிட்டால் குடம் கீறாது.

கிரானைட்டில் கூடாது. மரப் பிட் கல்லுக்கு ஆகாது. அதற்கு நீர் விட்டு வெட்டும் வைர முனைக் கருவி வேண்டும்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. ரூட்டரை அப்படியே துளையில் விட்டு டீ குடிக்கப் போகலாமா?

போகக்கூடாது. சுவிட்ச் போட்ட நிலையிலேயே நிற்கிற ரூட்டர்கள் பல உண்டு. மின்சாரம் திரும்பியதும் அது தானாகச் சுழலத் தொடங்கும். பிடிக்க ஆள் இல்லாத ரூட்டர் அச்சையும் வேலையையும் சிதைத்துவிட்டு மேசையிலிருந்து குதிக்கும். மின்சாரம் போன நொடியில் சுவிட்சை அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், பிட் நின்றபின் ரூட்டரை வெளியே எடுங்கள். பிட் மாற்றும்போதும் புஷ் மாற்றும்போதும் பிளக் வெளியே இருக்க வேண்டும்.

திரும்பத் தொடங்கும்போது ரூட்டரை அச்சின் நடுவில், ஏற்கெனவே வெட்டிய இடத்தில், எதையும் தொடாமல் பிடித்து ஓடவிட்டு, முழு வேகம் வந்தபின் சுவரை நோக்கி நகர்த்துங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கழற்றியிருந்தால் அதற்கு முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். எம்.டி.எஃப். தூள் மிக நுண்ணியது. மழைக்காக ஷட்டரை இறக்கிய பட்டறையில் அது மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும்.